எந்தப் பாடம் எவருக்கு

பொது நூலகத்தில் உத்தியோகம் பார்ப்பவனிடம் ஜனங்கள் கேட்கும் கேள்விகளில் பெரும்பான்மை புத்தகங்களைப் பற்றியவை அல்ல என்பது, அத்தொழிலில் சில வருஷங்களைக் கழித்த எவருக்கும் தெரிந்த சங்கதி. கடைசி பஸ் எத்தனை மணிக்கு, வருமானச் சான்றுக்கு எங்கே விண்ணப்பிப்பது, குரூப் நான்கு தேர்வுக்குக் கடைசித் தேதி எது என்பன போன்ற விசாரணைகளுக்கு நடுவே, எப்போதாவது ஒருவர் மேஜையின் அருகே வந்து, சற்றே தயங்கி நின்று, தமக்கு இன்னதைக் கற்க வேண்டுமென்று நெடுநாளாக ஆசை என்றும், அதற்குப் பணம் கட்டிப் படிக்க வசதியில்லை என்றும், இணையத்தில் எல்லாம் இலவசமாகக் கிடைக்கிறதாமே என்றும் சொல்லி நிறுத்துவார். கிடைக்கிறது என்பது மெய். ஆனால் அப்படிக் கிடைப்பவற்றில் எது அவருக்கு உரியது என்று சொல்ல வேண்டிய பொறுப்பு, மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எனக்கு வந்து சேர்ந்தது. மாவட்டத் தலைநகர் ஒன்றின் நூலகத்தில் இணையப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும்படி எனக்கு உத்தரவான நாள் முதல், ஓய்வு பெற்ற பின்னும் விடாமல், நான் செய்து வருவது இந்த ஒரு வேலைதான்.

சீர்காழியில் பிறந்து, கணிதப் பேராசிரியராக இருந்து, பின்னர் நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் நூலக இயலுக்கு வகுத்தளித்த ஐந்து விதிகளில், வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய நூல் உண்டு என்பது ஒன்று. நூல் ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது மற்றொன்று. பயிற்சிக் காலத்தில் இவ்விரண்டும் ஒரே விஷயத்தைத் திருப்பிப் போட்டுச் சொன்னவை என்ற அபிப்பிராயத்திலேயே நாங்கள் மனப்பாடம் செய்து ஒப்பித்தோம். உலகத்துச் சர்வகலாசாலைகள் தங்கள் வகுப்பறைகளைத் திறந்துவிட்டு, பாடங்கள் வந்து குவியத் தொடங்கிய பிறகுதான் பின்னதன் கனம் எனக்குப் புலப்பட்டது. பாடம் என்பது வெற்றிடத்தை நோக்கிச் சொல்லப்படுவதன்று. சொல்பவரின் மனத்தில் எதிரே யாரோ ஒரு மாணவன் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது, எதற்குச் சிரிப்பான், எங்கே கொட்டாவி விடுவான் என்றெல்லாம் கணக்கிட்டே ஒவ்வொரு வாக்கியமும் வெளிவருகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த மாணவன் யார் என்று கண்டுபிடித்து, என் மேஜையருகே நிற்பவர் அவனுக்கு எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறார், எவ்வளவு எட்டத்தில் இருக்கிறார் என்று அளந்து சொல்வதே என் தொழில்.

ஓர் உதாரணம் கூறுகிறேன். டிப்ளமா முடித்து, பட்டறை ஒன்றில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த பையன் ஒருவன், மெஷின் லர்னிங் கற்க வேண்டுமென்று வந்தான். அதற்கு அடிப்படை நேரியல் இயற்கணிதம் என்று யாரோ அவனிடம் சொல்லியிருந்தார்கள். அதில் கில்பர்ட் ஸ்ட்ராங்கின் பிரசங்கங்களுக்கு நிகர் இல்லை என்றும் சொல்லியிருந்தார்கள். இரண்டும் உண்மையே. ஸ்ட்ராங் பாடம் நடத்திய, அமெரிக்காவிலுள்ள மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், தன் பாடங்களின் குறிப்புகளையும் பயிற்சிக் கணக்குகளையும் வினாத்தாள்களையும் உலகத்தார் அனைவருக்கும் விலையின்றித் தருவதாக 2001 ஏப்ரலில் அறிவித்து, மறு வருஷம் ஐம்பது பாடங்களுடன் அதை ஆரம்பித்தபோது, அந்தக் காரியத்துக்கு ஓப்பன் கோர்ஸ்வேர் என்று பெயர் வைத்தது. 1999இல் வகுப்பறையிலேயே படம் பிடிக்கப்பட்ட ஸ்ட்ராங்கின் பிரசங்கங்கள் அதன் மூலமே உலகெங்கும் பரவின. 2023இல் அவர் ஓய்வு பெறும் வரையில் சுண்ணாம்புக் கட்டியைக் கைவிடவில்லை.

அந்த முதல் பிரசங்கத்தை நாங்கள் இருவரும் சேர்ந்தே பார்த்தோம். கரும்பலகையில் அவர் எழுதுவது இரண்டே சமன்பாடுகள்: முதல் எண்ணின் இரு மடங்கிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் பூஜ்யம், இரண்டாவதன் இரு மடங்கிலிருந்து முதலாவதைக் கழித்தால் மூன்று. எட்டாம் வகுப்புப் பிள்ளையும் ஒன்று, இரண்டு என்று விடை சொல்லிவிடும். ஸ்ட்ராங் அதை முதலில் நிரை நிரையாகப் பார்த்து, இரண்டு நேர்க்கோடுகளை வரைந்து, அவை வெட்டிக்கொள்ளும் புள்ளியைக் காட்டுகிறார். அது நாம் பள்ளியில் கண்டதுதான். பிறகு அதே எண்களை நிரல் நிரலாகப் பார்க்கச் சொல்கிறார். இப்போது கோடுகள் மறைந்து இரண்டு அம்புகள் தோன்றுகின்றன. முதல் அம்பை ஒரு தரமும், அதன் முனையிலிருந்து இரண்டாம் அம்பை இரண்டு தரமும் வைத்துக்கொண்டு போனால், நாம் சேர வேண்டிய இடத்துக்குச் சரியாக வந்து சேருகிறோம். அந்த இடத்தில் பையன் நிறுத்தச் சொல்லி, மறுபடி ஓடவிட்டு, "இதை ஏன் சார் எங்களுக்கு யாரும் காட்டல?" என்று கேட்டான்.

ஆனால் மூன்றாம் பிரசங்கத்தில் அவன் தடுமாறிப்போனான். அதில் அவனுடைய குறை எதுவும் இல்லை. ஸ்ட்ராங்கின் எதிரே உட்கார்ந்திருக்கும் மாணவன் நுண்கணிதம் முடித்துவிட்டு வந்தவன். அணிகளைப் பெருக்கும் வகையை ஏற்கனவே கையால் செய்து பழகியவன். அவனிடம் ஒரே பெருக்கலை நான்கு விதமாகப் பார்க்கலாம் என்று சொன்னால் ரசிப்பான். தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்து, அணிக்கோவையை வாய்பாடு போல ஒப்பித்துவிட்டு மறந்துபோன நம் பையனுக்கு நடுவே ஒரு படி குறைந்தது. அந்தப் படியைத் தேடிக் கடல் தாண்ட வேண்டியிருக்கவில்லை; தமிழ்நாட்டு அரசின் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தின் முதல் அத்தியாயம் அணிகளைப் பற்றியதே, அது தமிழிலும் ஆங்கிலத்திலும் இலவசமாகவே கிடைக்கிறது. இரண்டையும் அருகருகே திறந்து வைத்துக்கொண்டு அந்த அத்தியாயத்தின் கணக்குகளை முழுவதும் போட்டு முடித்த பிற்பாடு ஸ்ட்ராங்கிடம் திரும்பிப் போகும்படி சொன்னேன். போனான், பாதி வரையில் கேட்டான் என்று அறிகிறேன். பாதி என்பது குறைவன்று.

எந்தப் பாடத்தையும் அதன் முதல் பிரசங்கத்தை வைத்து எடை போடலாகாது என்பது இதிலிருந்தெல்லாம் நான் வகுத்துக்கொண்ட விதி. முதல் பிரசங்கம் கல்யாண வீட்டு வாசலில் தெளிக்கும் பன்னீர். அது எல்லார் மேலும் ஒரே மாதிரி விழும். மூன்றாவதை, முடிந்தால் நான்காவதையும், கையில் பென்சிலுடன் கேட்க வேண்டும். அங்கே ஆசிரியர் எதை விளக்குகிறார் என்பதைக் காட்டிலும், எதை விளக்காமல் தாண்டிப் போகிறார் என்பதையே குறித்துக்கொள்ள வேண்டும். அவர் விளக்காமல் விட்டதெல்லாம், எதிரே இருக்கும் மாணவனுக்கு முன்பே தெரியும் என்று அவர் நினைப்பவை. அந்தக் குறிப்பைத் திரட்டினால் மாணவனின் முழு உருவமும் கிடைத்துவிடும். பாடத்தின் முகப்பில் முன்தேவை என்று அச்சிட்டிருப்பதை நான் அவ்வளவாக நம்புவதில்லை. அது பெரும்பாலும் அலுவலகத்தார் எழுதியது.

சில பாடங்களில் அந்த மாணவன் உருவகமாக அல்லாமல் நிஜமாகவே இருந்ததுண்டு. சல்மான் கான் என்பவர் 2004இல் பாஸ்டனில் இருந்துகொண்டு, தொலைவில் நியூ ஆர்லியன்ஸில் இருந்த நாடியா என்ற உறவுக்காரச் சிறுமிக்கு அலகு மாற்றக் கணக்குகளைச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். அது பிற உறவினருக்கும் பரவி, யூடியூப் படங்களாகி, 2008இல் கான் அகாடமி என்ற தர்ம ஸ்தாபனமாயிற்று. அவருடைய ஆரம்பகாலப் படங்களில் முகம் தெரியாது. கறுத்த பலகையின்மேல் வர்ணக் கோடுகளும் குரலும் மாத்திரமே. பக்கத்தில் உட்கார்ந்து ஒரே தாளைப் பார்த்துக்கொண்டு பேசுவது போன்ற அந்த நெருக்கம், கூட்டத்தை நோக்கிப் பேசிப் பழகிய மகா பண்டிதர்களுக்கு எளிதில் வருவதில்லை. அதற்கு நேர்மாறு, ரிச்சர்ட் ஃபைன்மன் 1961 முதல் 1963 வரை கால்டெக்கில் இளநிலை மாணவர்களுக்குச் செய்த பௌதிகப் பிரசங்கங்கள். கால்டெக் 2013 முதல் அவற்றை யாரும் வாசிக்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. மாணவர்களைப் பொறுத்தவரை தமது முயற்சி அவ்வளவாக வெற்றி பெற்றதாகத் தமக்குத் தோன்றவில்லை என்று ஃபைன்மனே அவற்றின் முன்னுரையில் ஒப்புக்கொண்டார். பௌதிகத்தை ஏற்கனவே ஒருமுறை கற்ற உபாத்தியாயர்களிடம் நான் அவற்றைக் கொடுப்பேன். புதிதாக வருகிறவரிடம் கொடுப்பதில்லை.

நம் தேசத்து முயற்சிகளை நான் குறைத்து மதிப்பவன் அல்லன். ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும் சேர்ந்து 2003இல் ஆரம்பித்த என்பிடெல்லும், 2017இல் வந்த ஸ்வயமும் இன்று எங்கள் பக்கத்து எஞ்சினீயரிங் மாணவர்களுக்கு வீட்டுச் சொத்து மாதிரி. பாடம் கேட்பது இலவசம்; சான்றிதழ் வேண்டுமானால் மாத்திரம் தேர்வுக்குப் பணம் கட்ட வேண்டும். வாராவாரம் கெடு வைத்து வீட்டுக் கணக்குக் கொடுப்பது என்பிடெல்லின் பெரிய பலம் என்பது என் அபிப்பிராயம். கெடு இல்லாத படிப்பு எவ்வளவு உசிதமானதாக இருந்தாலும் நாளைக்கு என்று தள்ளிப்போகும். ஸ்வயத்தில் பெறும் கிரெடிட்களை, ஒரு பட்டப்படிப்பின் ஒரு பருவத்துப் பாடங்களில் நூற்றுக்கு நாற்பது பங்கு வரையில், கல்லூரிகள் ஏற்றுக்கொள்ளலாம் என்று 2021இல் யு.ஜி.சி. விதி செய்திருக்கிறது. சான்றிதழுக்காகப் படிப்பதைச் சில படித்தவர்கள் இகழ்ந்து பேசக் கேட்டிருக்கிறேன். நிரந்தர உத்தியோகமும் பென்ஷனும் உள்ளவர்களே பெரும்பாலும் அப்படிப் பேசுகிறார்கள்.

தனியாக உட்கார்ந்து, கேட்பதற்கு ஆள் இல்லாமல் கற்கிறவனையே மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது என்று நான் துணிந்து சொல்லக்கூடியது, பம்பாய் ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல். ஒவ்வொரு பாடமும் பத்து நிமிஷ அளவு, குரல் தமிழில், திரையில் நடப்பது ஆங்கில மென்பொருள். பாடத்தின் எழுத்துப் பிரதியை அந்த விஷயமே அறியாத ஒருவர் வாசித்துப் பார்த்து, தடங்கல் இல்லாமல் செய்ய முடிகிறதா என்று சோதித்த பிறகே பதிவு செய்வது அவர்கள் வழக்கம். ஜவுளிக்கடை ஒன்றில் பில் போட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மாள், கணக்குப் பார்க்கும் வேலைக்கு மாற வேண்டுமென்று வந்தபோது லிப்ரே ஆபீஸ் கால்க் பாடத்தைப் போட்டுக் கொடுத்தேன். திரையின் பாதியில் படம், மறு பாதியில் கால்க். ஒரு வாக்கியம் கேட்பார், நிறுத்துவார், தாம் செய்து பார்ப்பார், மறுபடி ஓடவிடுவார். முதல் நாள் ஒரு பாடத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. "ரொம்ப மெதுவா போறேனா சார்?" என்றார். அப்படிச் செய்வதற்காகவே அது செய்யப்பட்டிருக்கிறது என்று நான் சொன்னதை அவர் நம்பினாரோ இல்லையோ, மறுநாளும் வந்தார்.

பார்வையற்ற மாணவர் ஒருவர் எனக்குக் கற்றுக் கொடுத்தது வேறொரு பாடம். தமிழ் இளங்கலை படித்தவர். திரையில் உள்ளதை உரக்க வாசித்துக் காட்டும் என்விடிஏ என்ற இலவச மென்பொருளை எங்கள் கணினியில் அவரே நிறுவிக்கொண்டார். அதன் குரலை அவர் வைத்துக் கேட்கும் வேகத்தில் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. ஸ்கேன் செய்து ஏற்றப்பட்ட பழைய நூல்களை நான் பெருமையுடன் அவருக்குத் திறந்து கொடுக்க, மென்பொருள் வாய் திறக்கவில்லை. அந்தப் பக்கங்களெல்லாம் எழுத்தின் புகைப்படங்களே தவிர எழுத்துகள் அல்ல. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கல்யாணசுந்தரமும் பல நாட்டுத் தமிழன்பர்களும் 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டம் அந்த நேரத்தில் கைகொடுத்தது. தொண்டர்கள் வரி வரியாகத் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, ஆரம்பத்தில் டிஸ்கி என்ற எழுத்துக் குறியீட்டு முறையிலும் பின்பு யூனிகோடிலும் வெளியிட்ட அந்தப் பிரதிகளை என்விடிஏ தங்குதடையின்றி வாசித்தது. அன்று முதல், எந்த நூலையும் என் பட்டியலில் சேர்க்கும் முன் அதில் ஒரு வரியைச் சுட்டியால் தேர்ந்தெடுக்க வருகிறதா என்று பார்த்துவிடுவேன்.

தாவரவியல் ஆசிரியை ஒருவருக்காகத் தேடியபோது கிடைத்த பொக்கிஷம், பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி. ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்துக்காரர், சென்னை ராஜதானியில் கம்பெனி உத்தியோகத்தில் இருந்துகொண்டு 1838 முதல் 1853 வரை வெளியிட்ட தென்னிந்தியச் செடிகளின் சித்திரத் தொகுதிகள் அங்கே முழுமையாக உள்ளன. அவற்றுக்கு மூலப் படங்களை எழுதிக் கொடுத்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற நம் பக்கத்துச் சித்திரக்காரர்கள்; கோவிந்துவின் பெயரால் வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே பெயர் சூட்டினார். ஆசிரியை அந்தப் படங்களை அச்செடுத்துக் கொண்டுபோய், பள்ளி வேலியோரத்துச் செடியோடு வைத்துப் பார்க்கும்படி பிள்ளைகளைச் செய்வித்தார். வைட் மனத்தில் வைத்திருந்த மாணவர்கள் ஐரோப்பிய பண்டிதர்கள்; ஆனாலும் சித்திரத்துக்கு அந்தத் தடை இல்லை.

கணினியே இல்லாத பள்ளிகளின் உபாத்தியாயர்களை நான் அனுப்புவது அரவிந்த் குப்தாவின் இணையப் பக்கத்துக்கு. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த அவர், தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் கொண்டு செய்த பொம்மைகளில் ஒன்றை உபாத்தியாயர்களிடம் நானே செய்து காட்டுவதுண்டு. மூன்று குச்சிகளை டியூப் துண்டுகளால் இணைத்த முக்கோணம் எவ்வளவு அழுத்தினாலும் உருக்குலையாது; நான்கு குச்சிச் சதுரமோ விரல் பட்டதும் சாய்ந்துவிடும். பாலத்திலும் கூரையிலும் முக்கோணமாகவே இரும்பை இணைப்பது ஏன் என்பதற்கு அதற்கு மேல் வியாக்கியானம் தேவையில்லை. கணினி இருக்கும் பள்ளியானால், மின்சாரப் பாடத்துக்கு, நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் கொலராடோவில் 2002இல் ஏற்படுத்திய ஃபெட் என்ற திரைச் சோதனைத் தொகுதி நல்லது, பாட்டரியின் இரு முனையையும் வெறும் கம்பியால் இணைத்தால் திரையில் தீப்பிடிக்கும், பிள்ளைகள் அதையே திரும்பத் திரும்பச் செய்வார்கள், செய்யட்டும்.

இலவசம் என்பதிலும் தாரதம்மியம் உண்டு. பார்க்க மட்டும் விட்டுவிட்டு, பரீட்சையைப் பூட்டி வைப்பவை சில. இறக்கி வைத்துக்கொள்ளவும் நகலெடுத்துப் பகிரவும் அனுமதிப்பவை சில. ஓப்பன் கோர்ஸ்வேர் பின்வகை. வியாபாரம் செய்யலாகாது என்பதே அதன் முக்கிய நிபந்தனை. எங்கள் ஊரில் ஒரு பயிற்சி நிலையம் இத்தகைய படங்களையே ஒரு ஹார்டு டிஸ்கில் ஏற்றிக் கட்டணம் வாங்கிக்கொண்டு போட்டுக் காட்டியதை அறிந்தபோது, நான் செய்யக்கூடியதாக இருந்தது ஒன்றே: அதே படங்களை நூலகத்து டிஸ்கிலும் ஏற்றி, பென் டிரைவ் கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் கொடுத்தேன்.

இப்போது என்னிடம் வந்துகொண்டிருப்பவர் நில அளவைத் துறையில் ஓய்வு பெற்ற பெரியவர். வானசாஸ்திரம் கற்க ஆசைப்பட்டார். யேல் சர்வகலாசாலை 2007இல் திறந்து வைத்த பாடங்களில் சார்லஸ் பெய்லின் செய்யும் வானியல் பிரசங்கம் இனிமையானது; ஆனால் கணிதத்துக்கு அஞ்சும் மாணவர்களுக்காகச் செய்யப்பட்டது; ஆயுள் முழுவதும் கோணம் அளந்தவருக்கு அது சப்பென்றிருந்தது. ரைஸ் சர்வகலாசாலையின் ஓப்பன்ஸ்டாக்ஸ் வெளியிட்ட வானியல் பாடநூலை இறக்கி, முதல் அத்தியாயத்தை விட்டுவிட்டு, பத்தொன்பதாவதைத் திறந்து கொடுத்தேன். அது நட்சத்திரங்களின் தூரத்தை அளப்பது பற்றியது. 1802இல் லாம்டன் என்ற நில அளவையாளர் பரங்கிமலைப் பக்கத்தில் அடிக்கோடு அளந்து முக்கோணம் முக்கோணமாகத் தேசத்தை அளக்கத் தொடங்கிய அதே முறை, பூமியின் பாதையையே அடிக்கோடாகக் கொண்டு வானத்துக்கு ஏறுவதைக் கண்டதும் பெரியவர் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அதன்பின் அவர் கேட்டவை பாடநூலில் இல்லாத கேள்விகள். 1838இல் பெஸ்ஸல் முதன்முதலாக ஒரு நட்சத்திரத்தின் தூரத்தை அளந்தாரே, அவர் கருவியின் பிழை எவ்வளவு, அதை எப்படித் திருத்தினார்? நாஸாவின் ஆதரவில் இயங்கும் ஆஸ்ட்ரோபிஸிக்ஸ் டேட்டா சிஸ்டத்தில் பழைய சஞ்சிகைகள் ஸ்கேன் செய்து வைக்கப்பட்டிருக்கின்றன. பெஸ்ஸல் வானியலாளர் ஹெர்ஷலுக்கு எழுதிய கடிதம் ஆங்கிலத்தில் கிடைத்தது. அதில் திருப்தி அடையாமல் முழுக் கட்டுரையையும் கேட்டார். அதுவும் இருந்தது, ஜெர்மன் பாஷையில். "சரி, அதையும் படிச்சிடுவோம்" என்றார், எழுபதைத் தாண்டியவர்.

டாய்ச்ச வெல்லெ என்ற ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனம் இலவசமாகத் தரும் ஜெர்மன் பாடத்தை எடுத்துப் பார்த்தேன். ஜெர்மனிக்கு வந்திறங்கிப் பையைத் தொலைத்துவிட்டு நிற்கும் நிக்கோ என்ற இளைஞனின் கதையாக அது செல்கிறது. நல்ல பாடம், ஆனால் அதன் மாணவன் டீக்கடையிலும் தெருவிலும் பேச வேண்டியவன். நம் பெரியவருக்குப் பேச வேண்டிய அவசியம் இல்லை. ஏறக்குறைய இருநூறு வருஷத்துக்கு முந்திய அட்டவணைகளையும், அவற்றின் நடுவே பெஸ்ஸல் எழுதிய நீண்ட வாக்கியங்களையும் வாசிக்கத் தெரிந்தால் போதும். விஞ்ஞான ஜெர்மனை வாசிக்க மட்டும் சொல்லிக் கொடுக்கும் பழைய பாடநூல்கள் இன்டர்நெட் ஆர்க்கைவில் சில இருக்கின்றன. அவற்றில் இரண்டை இறக்கி, மூன்றாம் பாடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒன்று மாணவனுக்கு லத்தீன் தெரியும் என்று எண்ணிக்கொண்டு போகிறது, மற்றது பரவாயில்லை.